மூன்று நாள் உபவாசமும் முனியம்மா வீட்டுக் களியும்

நாளைக்குக் காலையில் நீங்கள் ஆறு பேரும் ராமகுப்பம் பக்கத்துக் கிராமங்களுக்கு ஊழியத்துக்குக் கிளம்புகிறீர்கள். உங்களுக்கு முதல் பயணம். "ஆயத்தம் பத்தி ஒரு அரை மணி நேரம் பேசுங்கக்கா" என்று கேட்டீர்கள். அரை மணி நேரத்தில் எதையும் பேசி முடித்த பழக்கம் எனக்கு இல்லை. சபையில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அதனால் எழுதியே கொடுத்துவிடுகிறேன். வேனில் உட்கார்ந்து படித்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடாதீர்கள். மொகிலி மலைப்பாதை வளைவுகளில் குனிந்து படித்தவர்கள் எல்லாரும் பலமநேரில் இறங்கி முகம் கழுவியிருக்கிறார்கள். இன்றைக்கே படித்துவிடுங்கள்.

என்ன பாட்டு, யார் பேசுவது, கொசுவத்தி எத்தனை, கிட்டாரை யார் தூக்குவது, இதெல்லாம் நான் சொல்லப் போவதில்லை. அதற்கெல்லாம் நீங்கள் ஒரு வாட்ஸப் குழு வைத்திருக்கிறீர்கள். நான் செய்த ஒரு தப்பைத்தான் சொல்லப் போகிறேன். இந்தச் சித்தூர் சபையிலிருந்து வருஷக்கணக்காக ஊழியக் குழுவைக் கூட்டிக்கொண்டு போனவள் நான். ஆயத்தம் என்றால் என்ன என்று எனக்குப் புரிந்தது ஏறக்குறைய கடைசியில்தான். அதுவும் ஆலயத்தில் புரியவில்லை, ஒரு பட்டுப்புழுக் கொட்டகையில் புரிந்தது.

எனக்கு முன்னால் குழுவை நடத்தியவரை நாங்கள் பெரியக்கா என்றுதான் கூப்பிடுவோம். குள்ளமான ஆள். ஆனால் அவர் தொண்டையைக் கனைத்தால் டிரைவர்கூட வாயிலிருக்கும் வெற்றிலையைத் துப்பிவிடுவார். ஆயத்தம் என்று அவரிடம் பட்டியல் எதுவும் கிடையாது. எல்லாரும் வேனில் ஏறி உட்கார்ந்த பிறகு படியில் நின்று ஒவ்வொரு முகமாகப் பார்த்து ஒரே கேள்வி கேட்பார். "வூட்ல யாரை அழவெச்சிட்டு வந்து கீறே?"

என் முதல் பயணத்தில் என்னைக் கேட்டபோது "யாரையும் இல்லக்கா" என்றேன். முழுப் பொய். எனக்குக் கல்யாணமாகி ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. அந்த வாரம் நகரியில் மாமியார் வீட்டு விசேஷம். ஊழியம்தான் முக்கியம் என்று வீட்டுக்காரரிடம் கத்திவிட்டு, அவர் விடியற்காலையில் எழுந்து கட்டி வைத்திருந்த சாப்பாட்டுப் பொட்டலத்தையும் அடுப்பு மேடையிலேயே விட்டுவிட்டு வந்திருந்தேன். பெரியக்கா என் மடியைப் பார்த்தார். எல்லார் மடியிலும் பொட்டலம் இருந்தது, என் மடியில் பைபிள் மட்டும் இருந்தது.

"வண்டிய இவ வூட்டாண்ட வுடுப்பா" என்றார் டிரைவரிடம்.

ஒன்பது பேர் வேனில் காத்திருக்க, நான் இறங்கிப் போய், துணி துவைத்துக்கொண்டிருந்த மனிதரிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் சோப்பு நுரைக் கையோடு தெருவுக்கு வந்து, எல்லாருக்கும் ஸ்தோத்திரம் சொல்லி, பொட்டலத்தை ஜன்னல் வழியாகக் கொடுத்தார். புளிசாதம். அன்றைக்குப் பலமநேர் வரைக்கும் யாரும் பாட்டுப் பாடவில்லை, என்னை வைத்தே சிரித்துக்கொண்டு வந்தார்கள். ஜன்னலோரம் உட்கார்ந்து நானும் சிரித்தேன். என் வீட்டுக்காரர் போய்ப் பத்து வருஷம் ஆகிறது. இப்போதும் வேன் சத்தம் கேட்டால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது அந்தச் சோப்புக் கைதான்.

பெரியக்கா ஓய்வு பெற்றதும் குழு என் கைக்கு வந்தது. எனக்கோ அவருடைய கேள்வி அவ்வளவு ஆவிக்குரியதாகத் தெரியவில்லை. என்ன இது, குடும்பக் கதை கேட்கிற மாதிரி என்று நினைத்தேன். ஆள் புதிது, ஆசை பெரிது. நான் ஆயத்தத்தைச் சீர்திருத்தினேன். கிளம்புகிற நாளிலிருந்து மூன்று நாள் உபவாசம், தண்ணீர் மட்டும். மணிக்கு ஒருவர் என்று ஜெபச் சங்கிலி, அதற்குச் சுவரில் ஒரு அட்டை. உலகச் சிந்தை கூடாது என்று எல்லாருடைய போனையும் வாங்கி ஒரு மஞ்சள் துணிப்பையில் போட்டு முடிச்சுப் போடுவேன். பாஸ்டர் ஐயா பிரசங்க மேடையிலேயே பாராட்டினார். திருப்பதியிலிருந்து வேறு சபைக்காரர்கள் வந்து அந்த அட்டையைப் போட்டோ எடுத்துக்கொண்டு போனார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

பெரியக்காவின் கேள்வியை நான் யாரிடமும் கேட்பதில்லை. அதனால் என்னிடமும் யாரும் கேட்கவில்லை.

நான் சொல்லும் அந்த வருஷத்தில் என் மகள் ஷீபா திருப்பதியில் ஆஸ்பத்திரியில் இருந்தாள். அதற்கு முன்னால் இரண்டு கரு நிற்காமல் போயிருந்தது. இது மூன்றாவது. எட்டாம் மாதத்தில் ரத்தக் கொதிப்பு ஏறி, படுக்கையிலேயே இருக்க வேண்டும் என்று சேர்த்துக்கொண்டார்கள். அவளுக்கு மாமியார் இல்லை, அப்பாவும் இல்லை. பக்கத்தில் மருமகன் மட்டும். பயணத்துக்கு இரண்டு நாள் முன்னால் போன் பண்ணினாள்.

"மா, நீ வர்றியா?"

"பயணம் கீதேமா. உனக்காகத்தான் பொருத்தனை பண்ணிக்கினு கீறேன். மூணு நாளு ஒரு பருக்கை வாயில வெக்க மாட்டேன். நான் அவரு வேலையப் பார்த்தா அவரு உன்னப் பார்ப்பாரு."

"நீ பட்டினி கெடந்தா எனக்கு எப்படிமா சோறு எறங்கும்?" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

உண்மையை உங்களிடம் சொல்லிவிடுகிறேன். எனக்குப் பயம். இரண்டு தடவை ஆஸ்பத்திரி வராண்டாவில் நின்றுவிட்டேன். இரண்டு தடவையும் கதவைத் திறந்துகொண்டு வந்த நர்ஸின் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டேன். மூன்றாவது தடவை நிற்க எனக்குத் தெம்பில்லை. ஓடி ஒளிய ஒரு இடம் வேண்டியிருந்தது. ஊழியத்தைப் போல ஒளிய வசதியான இடம் வேறு கிடையாது தங்கங்களே. யாரும் தேடி வர மாட்டார்கள், போதாததற்கு மாலையும் போடுவார்கள். ஒரு பருக்கை உள்ளே போனால் குழந்தை போய்விடும் என்று என் மனதுக்குள் ஒரு கணக்கு. கடவுள் அப்படியொரு ஒப்பந்தம் என்னிடம் கேட்கவில்லை. நானே எழுதி, நானே கையெழுத்துப் போட்டுக்கொண்டேன்.

முதல் நாள் மதியம் ராமகுப்பம் தாண்டி ஒரு கிராமத்தில் முனியம்மா வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தோம். நான், குழுவில் எனக்கு அடுத்தபடியாக இருந்த மெர்சி, இன்னும் மூன்று பேர். முனியம்மா தமிழ்க் குடும்பம், என்னைவிடப் பதினைந்து வயது சிறியவள். அவள் அப்பா அம்மா அடுத்தவர் நிலத்தில் கூலிக்குப் போனவர்கள். இவளும் புருஷனும் பாடுபட்டு ஒன்றரை ஏக்கர் வாங்கி, மல்பெரி வைத்து, பட்டுப்புழு வளர்த்தார்கள். எங்கள் சபையைச் சேர்ந்தவள் இல்லை. வீட்டில் வெங்கடேசப் பெருமாள் படம்தான் இருக்கும். ஆனால் எங்கள் பாட்டு அவளுக்குப் பிடிக்கும். போன வருஷம் நாங்கள் கிளம்பும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, "வர வருசம் எங்க வூட்லதான் துன்னணும் டீச்சரம்மா" என்றாள். நான் டீச்சர் இல்லை. பையும் புஸ்தகமுமாகப் போகிற எந்தப் பொம்பளையும் அங்கே டீச்சரம்மாதான். "கண்டிப்பா" என்றேன். வேன் ரோட்டுக்கு ஏறுவதற்குள் மறந்துவிட்டேன். அவள் மறக்கவில்லை.

நாங்கள் உள்ளே நுழையும்போதே கோழிக்குழம்பு வாசனை. ஐந்து தட்டு கழுவித் துடைத்து வரிசையாக வைத்திருந்தாள். களி கிளறி, உருண்டை பிடித்து, ஈரத்துணி போட்டு மூடியிருந்தது. புழு கூடு கட்டப் போகிற கடைசி வாரம் அது. விடாமல் தழை போட வேண்டும், வேலை முதுகை ஒடிக்கும். அதையெல்லாம் புருஷனிடம் விட்டுவிட்டுக் காலையிலிருந்து சமைத்திருக்கிறாள்.

"உக்காருங்க, கை கழுவிக்கினு வாங்க."

மெர்சிதான் பதில் சொன்னாள். நான் பழக்கியபடி, கொஞ்சம் பெருமையாகவே சொன்னாள். "நாங்க உபவாசம்கா. சாப்பிட மாட்டோம்."

"ஒருபொழுதா? அஞ்சு பேருமா?"

"ஆமாங்கா."

"சரி, சாயந்திரம் துன்னலாமே. எடுத்து வெக்கறேன்."

"மூணு நாளுக்கா. தண்ணி மட்டுந்தான்."

முனியம்மா மெர்சி கையைப் பார்த்தாள். சித்தூரிலிருந்து கொண்டு வந்த தண்ணீர் பாட்டில் அந்தக் கையில் இருந்தது. எங்கள் ஐந்து பேர் கையிலும் இருந்தது.

"தண்ணிகூட உங்க வூட்ல இருந்தே கொண்டாந்துட்டீங்க" என்றாள்.

அவள் தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாள். "பெரிய மனுசங்க ஆயிட்டீங்க டீச்சரம்மா. எங்க வூட்ல எதுக்குக் கை நனைக்கப் போறீங்க" என்று சொல்லிக்கொண்டே பின்னால் கொட்டகைக்குப் போய்விட்டாள். கோபமாகச் சொல்லவில்லை. நிறைய வீடுகளில் அவமானம் வாங்கிப் பழகிப்போன குரலில் சொன்னாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

என்னை யாரென்று நினைத்தீர்கள்? என் தாத்தா கங்காதர நெல்லூர் பக்கத்தில் பண்ணையாளாக இருந்தவர். அவருக்கும் தண்ணீரை எட்ட நின்று கையில்தான் ஊற்றினார்கள். அவர் எப்படிச் சபைக்கு வந்தார் என்று கேட்டால் பிரசங்கம் கேட்டு வந்ததாகச் சொல்ல மாட்டார். அந்தக் காலத்து உபதேசியார் ஒருவர் எங்கள் குடிசையில் தரையில் உட்கார்ந்து, எங்கள் சட்டியிலிருந்தே கூழ் வாங்கிக் குடித்ததைத்தான் சொல்வார். அந்தக் கூழில்தான் எங்கள் வம்சத்து விசுவாசமே ஆரம்பித்தது. அவருடைய பேத்தி ஊழியம் என்று வந்து, முனியம்மா வீட்டுத் தட்டை அடுக்க வைத்துவிட்டாள். எனக்கு அங்கேயே மண்ணுக்குள் போய்விட வேண்டும் போலிருந்தது.

எழுந்து கொட்டகைக்குப் போனேன். முனியம்மா புருஷனை ஓரமாக நிற்கச் சொல்லிவிட்டுத் தழை பரப்பிக்கொண்டிருந்தாள். அத்தனை புழுவும் ஒன்றாகத் தழையைத் தின்னும் சத்தம், தூறல் விழுகிற மாதிரி. அந்த இடத்தில் பட்டினி கிடந்தது நான் ஒருத்திதான்.

"சாதி பார்த்து இல்ல முனியம்மா. சத்தியமா இல்ல" என்றேன்.

"நான் எங்க சொன்னேன்?"

"எம் பொண்ணு ஆஸ்பத்திரில கீறா." அதற்குமேல் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். என் குழுவில் ஒருவருக்கும் சொல்லாததை, ஜெபச் சங்கிலி அட்டையில்கூட எழுதாததை, புழுத்தட்டைப் பிடித்துக்கொண்டு அவளிடம் சொன்னேன். இரண்டு போனது, இது மூன்றாவது, ஒரு வாய் தின்றால் இதுவும் போய்விடும் என்று பயம், எல்லாம்.

அவள் கையிலிருந்த தழையைக் கீழே வைத்தாள். "பொண்ணு எங்க கீது?"

"திருப்பதில."

"நீ இங்க கீறே." அதுவரைக்கும் நீங்கள் என்றவள், நீ என்றாள்.

அவள் கீழே வைத்த தழையை எடுத்து நான் தட்டில் பரப்பினேன்.

"எனுக்கும் ஒண்ணு போச்சி. மொத புள்ள" என்றாள். "குப்பம் ஆஸ்பத்திரில பட்துக்கினு இருந்தேன். எங்கம்மா எனுக்காக வேண்டிக்கினு மலைக்கிப் போயிட்டா. அடிவாரத்துல இருந்து படியேறியே போனா, மொட்டை போட்டுக்கினு வந்தா. நாலு நாளு. நான் நாலு நாளும் கதவையே பார்த்துக்கினு இருந்தேன். யாரு தொறந்தாலும் எங்கம்மானு பார்ப்பேன். சாமி வாணாம்னு இல்ல டீச்சரம்மா. எனுக்கு அம்மா வேண்டியிருந்திச்சி."

பிறகு முந்தானையால் என் கண்ணைத் துடைத்துவிட்டு, "ரெண்டு வாய் துன்னுட்டுக் கெளம்பு. பசியோட போயி நின்னா உன்னியே ஒருத்தர் புடிக்கணும்" என்றாள்.

கவனமாகக் கேளுங்கள், இதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன். அந்த நிமிஷத்தில் எனக்கு எந்த வசனமும் ஞாபகம் வரவில்லை, எந்தக் குரலும் கேட்கவில்லை. பொருத்தனையை மீறினால் குழந்தை போய்விடும் என்ற பயமும் போகவில்லை. அப்படியே இருந்தது. ஆனால் இரண்டு விஷயம் தெளிவாகத் தெரிந்தது. எதிரில் ஒருத்தி கழுவி வைத்த தட்டை எடுத்து அடுக்கிவிட்டு நிற்கிறாள், அது என்னால். திருப்பதியில் ஒருத்தி கதவைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள், அதுவும் என்னால். இந்த இரண்டையும் விட்டுவிட்டு நான் எந்த உபவாசத்தைக் காப்பாற்றப் போகிறேன்?

உள்ளே போய் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். "தட்டைப் போடு முனியம்மா."

மெர்சி பதறிப்போனாள். "அக்கா, பொருத்தனை?"

"அதை நான் அவர்கிட்ட பேசிக்கிறேன். நீ பாட்டிலை வெளிய வெச்சிட்டு வந்து உக்காரு. எல்லாரும் உக்காருங்க."

களியைப் பிட்டுக் குழம்பில் தோய்த்தேன். முதல் வாயை மென்றுகொண்டே இருந்தேன். முனியம்மா அவள் வீட்டுச் சொம்பில் தண்ணீர் கொடுத்தாள். குடித்தேன், உள்ளே இறங்கியது. எங்கள் ஐந்து பேரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு அவள் சுவரில் சாய்ந்து நின்றிருந்தாள். இரண்டாவது உருண்டை வைக்க வந்தபோது நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. காரம் சுள்ளென்று ஏறி மூக்கிலும் கண்ணிலும் தண்ணீர். அழுவதற்கு அது நல்ல சாக்காக இருந்தது.

கை கழுவிவிட்டு மஞ்சள் பையின் முடிச்சை அவிழ்த்தேன். என் போனில் காலை எட்டரை மணிக்கு ஷீபா அனுப்பியது ஒன்றே ஒன்று இருந்தது. 'மா, நாளைக்கு ஆபரேஷன் பண்ணி எடுத்துடலாம்னு சொல்றாங்க. பயமா கீது.' நாங்கள் அட்டையில் பெயர் எழுதி, மணி பார்த்து ஜெபித்துக்கொண்டிருந்த நேரம் அது. அவள் செய்தி முடிச்சுப் போட்ட பைக்குள் கிடந்தது.

குழுவை மெர்சியிடம் ஒப்படைத்தேன். "நான் இல்லாம எப்படிக்கா?" என்றாள். "நான் இருந்தப்ப மட்டும் என்ன கிழிச்சேன்?" என்றேன். முனியம்மாவின் புருஷன் என்னை பைக்கில் வி.கோட்டா வரைக்கும் கொண்டுபோய்ப் பஸ் ஏற்றிவிட்டார். பலமநேர், சித்தூர், அங்கே இறங்கித் திருப்பதி பஸ். சொந்த வீட்டுத் தெருவைத் தாண்டிப் போகிறேன், இறங்கி ஒரு மாற்றுப் புடவை எடுக்கக்கூடத் தோன்றவில்லை. வழி நெடுக நான் ஜெபித்தது ஒன்றுதான்: தின்றது நான், கேட்பதானால் என்னைக் கேளும்.

விளக்கு வைக்கிற நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தேன். வார்டு வாசலில் மருமகன் நின்றுகொண்டிருந்தார். "காலையில இருந்து ஒண்ணும் துன்னல அத்தே. சிஸ்டர் திட்டிட்டுப் போறாங்க. நீங்க பட்டினினு சொல்லிக்கினு அவளும் தொட மாட்டேங்கறா" என்றார்.

கதவைத் திறந்தேன். கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலில் இட்லி தட்டு போட்டு மூடியிருந்தது, ஆறிப்போயிருந்தது. ஷீபா கதவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவள்தான் முதலில் கேட்டாள். "சாப்டியாமா?"

"சாப்டேன்" என்றேன். "ரெண்டு உருண்டை களி. கோழிக்கொழம்பு."

ஒரு நிமிஷம் என்னை உற்றுப் பார்த்தாள், நிஜமா என்கிற மாதிரி. என் விரலை இழுத்து மோந்து பார்த்தாள். மசாலா வாசனை போகவில்லை. அப்புறம் கையை நீட்டி, மூடியிருந்த தட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, ஆறின இட்லியைப் பிட்டுத் தின்ன ஆரம்பித்தாள்.

மறுநாள் பையன் பிறந்தான். கோழிக்குஞ்சு மாதிரி இருந்தான், மூன்று வாரம் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்தார்கள். இப்போது மூன்றாவது படிக்கிறான், ஒரு இடத்தில் நிற்பதில்லை. அவன் பிழைத்ததற்கும் நான் களி தின்றதற்கும் முடிச்சுப் போட்டு யாராவது சாட்சி சொன்னால் எனக்குக் கெட்ட கோபம் வரும். அவன் பிழைக்காமல் போயிருந்தாலும் நான் அந்தக் கதவைத் திறந்தது சரிதான். அந்த வராண்டாவில் மூன்றாவது தடவையும் நின்றிருப்பேன், அவ்வளவுதான்.

உபவாசம் கூடாது என்று சொல்ல வரவில்லை. இன்றைக்கும் நான் வெள்ளிக்கிழமை உபவாசம் இருக்கிறவள்தான். வீட்டிலிருந்து செய்யுங்கள், போவதற்கு முன் செய்யுங்கள். அடுத்தவர் வீட்டு வாசலுக்கு அதைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். பயம் இருந்தால் குழுவில் ஒருவரிடமாவது வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள், புழுக் கொட்டகை வரைக்கும் சுமக்காதீர்கள். அடுத்த வருஷமே அந்த அட்டையைச் சுவரிலிருந்து எடுத்தேன். மஞ்சள் பை இப்போது என் வீட்டில் வெங்காயம் போட உதவுகிறது.

பெரியக்கா இல்லை, நானும் வேன் படி ஏற முடியாத கிழவி. மூட்டு ஒத்துழைப்பதில்லை. ஆகவே அவருடைய கேள்வியை இந்தக் காகிதத்திலேயே கேட்டுவிடுகிறேன். உங்களில் யார் வீட்டில் யார் அழுதுகொண்டிருக்கிறார்கள்? எனக்குப் பதில் சொல்ல வேண்டாம். எழுந்து வீட்டுக்குப் போங்கள். டிரைவரிடம் நான் ஏற்கெனவே சொல்லிவிட்டேன், ஐந்தரை மணி வேன் எட்டு மணிக்குக் கிளம்பினாலும் பரவாயில்லை, யார் வீட்டு வாசலில் நிறுத்தச் சொன்னாலும் நிறுத்துவார்.

முனியம்மாவுக்கும் போன் பண்ணிவிட்டேன். ஆறு பேர் என்றேன். "சின்னப் புள்ளைங்களா? நல்லா துன்னுவாங்களா?" என்று கேட்டாள். துன்னுவாங்க என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன். பசியோடு போங்கள்.